பட்டாவில் இல்லாத பெயர்கள்

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் ஒரு பழைய வெண்கலப் பானையையோ பித்தளைத் தவலையையோ கையில் எடுத்தால், அதன் கனத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைச் சற்றுச் சாய்த்து, விளிம்புக்குக் கீழே கழுத்துப் பகுதியில் என்ன பெயர் வெட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பெயர் தெரிந்துவிட்டால் போதும்; அந்தப் பாத்திரம் எந்த ஊரிலிருந்து வந்தது, யாருடைய கல்யாணத்துக்கு யார் செய்த சீர், இத்தனை வருடம் அது யார் வீட்டு அரங்கில் (சாமான் வைக்கும் உள்ளறையில்) இருந்தது, இனி யாருக்குப் போக வேண்டியது என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். பரம்பரைப் பொருள்களின் மீது நமக்குள்ள பற்றைச் சொல்லும்போது நினைவு, பாசம் என்ற சொற்களோடு நிறுத்திக்கொள்கிறோம். அவை பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் கைமாறி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது, அந்தப் பற்றுக்கு அடியில் இன்னும் கறாரான ஒரு காரணம் இருப்பதாகத் தோன்றுகிறது. எங்கள் வீட்டுப் பெண்களின் பெயர் எழுத்தில் இருந்த இடம், ஒரு காலம் வரை, இந்தப் பாத்திரங்கள் மட்டுமே.

நிலம் ஆண்களின் பெயரில் இருந்தது. என் அம்மா பிறந்த வீட்டு வயல் வீரவநல்லூருக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. அதன் பழைய பட்டாவிலும் தீர்வை ரசீதுகளிலும் தாத்தா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று ஒரே கோடாகப் பெயர்கள் போகின்றன. வீட்டுப் பத்திரத்திலும் அதே வரிசைதான். அந்த வயலின் நெல்லை அவித்து, காயவைத்து, குலுக்கையில் நிரப்பி, வருடம் முழுவதும் குடும்பத்துக்குச் சோறாக்கிய பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அந்தத் தாள்களில் கிடையாது. அவர்களைத் தேட வேண்டுமென்றால் அடுக்களைக்குத்தான் போக வேண்டும்.

திருநெல்வேலி டவுணில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளின் பாத்திரக் கடைகளில், வாங்கிய பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவது இன்றும் உண்டு. இப்போது கரண்டில் ஓடும் ஒரு சிறு கருவி கரகரவென்று நிமிடத்தில் எழுதிவிடுகிறது. முன்பு சின்ன உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தை உருவாக்குவார்கள். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி இருந்ததால், கணக்குப் பார்க்கும் வீடுகளில் பெயர் சுருங்கி முதலெழுத்துகளாகிவிடும் என்று அம்மா சொல்வாள். எனவே ஒரு பாத்திரத்தில் முழுப்பெயர் இருந்தால், கொடுத்தவர் அந்த ஒரு விஷயத்திலாவது கையைச் சுருக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆச்சியின் வெண்கலப் பானை இப்போது என்னிடம் இருக்கிறது. ஆச்சி என்று நான் சொல்வது அம்மாவைப் பெற்றவளை. இரண்டு படி அரிசி தாராளமாக வேகும். உட்புறம் மங்கிய பொன்னிறம். அடிப்புறத்தில் புளியும் சாம்பலும் போட்டு எத்தனை தேய்த்தாலும் போகாத கருமை. கழுத்தைச் சுற்றி ஓடும் மெல்லிய வரம்புக்குக் கீழே ஊரின் முதலெழுத்து, தகப்பனாரின் முதலெழுத்து, பிறகு ஆச்சியின் முழுப்பெயர். பெயர் வெட்டியவர் இடத்தை முன்கூட்டிக் கணக்கிடாமல் தட்டத் தொடங்கியிருப்பார் போலும். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது மட்டும் வரம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் ‘1112 சித்திரை’ என்று இருக்கிறது. சிறு வயதில் என் அண்ணன் இந்த எண்ணை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் முதலாம் குலோத்துங்கன் காலத்துப் பானை இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசிவிட்டு வந்தான். அது கொல்லம் ஆண்டு. கேரளத்தில் மட்டுமின்றித் திருநெல்வேலிச் சீமையிலும் ஜாதகம், பத்திரம் எல்லாம் அந்த ஆண்டுக் கணக்கில்தான் வெகுகாலம் நடந்தன. சித்திரை மாதம் என்பதால் அதனோடு 825ஐக் கூட்டினால் 1937 வரும். அம்பாசமுத்திரத்திலிருந்து ஆச்சி கல்யாணமாகி வந்த வருடம்.

பாத்திரங்களில் வருடம் இல்லாவிட்டாலும் எழுத்தே காலத்தைச் சொல்லிவிடும். தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணா, றா, னா ஆகியவற்றை நெடிலின் கால் தனியே நில்லாமல் வளைத்து எழுதினோம். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு எழுத்தின் தலையில் யானைத் துதிக்கை போன்ற சுழி இருந்தது. ‘அண்ணாமலை’ என்ற பெயர் வெட்டிய ஒரு சருவத்தை எடுத்தால், அந்த ஒரு பெயரிலேயே இரண்டு பழைய எழுத்துகளும் கிடைத்துவிடும். உளி பிடித்துப் பழகிய கை உடனே மாறிவிடாது என்பதால், அதற்குப் பிறகும் சில வருடங்கள் பழைய சுழியோடு பாத்திரங்கள் வந்துகொண்டிருந்தன என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். என் அம்மாவின் சீர்ப் பாத்திரங்களில் துதிக்கை இருக்கிறது. எனக்குக் கொடுத்தவற்றில் இல்லை.

ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. தேவைப்பட்ட இடங்களில் இடது பெருவிரலைத்தான் மையில் ஒற்றி வைத்தாள். ஆனால் பானையைத் தேய்த்துக் கவிழ்க்கும்போது, ஈரக்கையால் அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே, “இது எம் பேரு, இந்தக் கடைசி எழுத்து மட்டும் எடமில்லாம மேல ஏறிட்டு” என்று எங்களுக்குக் காட்டுவாள். வேறு எந்த இடத்தில் அந்தப் பெயரை எழுதிக் காட்டினாலும் அவளுக்கு அடையாளம் தெரியாது. பானையில் மட்டும் அவளுக்குத் தன் பெயரைப் படிக்கத் தெரியும்.

அந்தப் பானை வந்த 1937ஆம் வருடத்துச் சித்திரைக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு என்பதை நான் பிற்பாடுதான் கவனித்தேன். இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் அந்த ஏப்ரலில்தான் வந்தது. அது கணவனை இழந்த பெண்ணுக்குக் கணவனின் பங்கை அவள் ஆயுள் வரை அனுபவிக்க மட்டும் உரிமை கொடுத்தது; மகளுக்கு அதில் எதுவும் இல்லை. அதுவும் விளைநிலத்துக்குப் பொருந்தவில்லை. சென்னை மாகாணம் 1947இல்தான் அதை நிலத்துக்கும் நீட்டியது. 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பனின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்றது; ஆனால் பரம்பரைச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமையை ஆண்பிள்ளைகளிடமே விட்டுவைத்தது. தமிழ்நாடு 1989இல் அதைத் திருத்தி மகளுக்கும் பிறப்புரிமை கொடுத்தபோது, நாட்டிலேயே அதைச் செய்த முதல் சில மாநிலங்களில் ஒன்றாக இருந்தது. மத்தியச் சட்டம் அந்த இடத்துக்கு வந்து சேர 2005 ஆயிற்று. ஆனால் 1989ஆம் வருடத்துத் திருத்தத்தில் ஒரு வரி இருந்தது: சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு அது பொருந்தாது. என் அம்மாவுக்கு அதற்கு 20 வருடங்களுக்கு முன்பே கல்யாணம் ஆகிவிட்டது.

தாத்தா காலமான பிறகு, அவருடைய சொந்தப் பங்கில் பெண்மக்களுக்கு இருந்த சிறு உரிமையையும் விட்டுக்கொடுத்து அம்மாவும் சித்தியும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அம்மா தன் வாழ்நாளில் கையெழுத்திட்ட ஒரே சொத்துப் பத்திரம் அதுதான். யாரும் அவளை மிரட்டவில்லை. அன்றைக்கு நல்ல சாப்பாடு, சேலை எடுத்துக் கொடுத்தார்கள், சந்தோஷமாகத்தான் வந்தாள். மாமாக்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஊரில் எல்லோரும் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆனால் சீர் என்ற பெயரில் பெண்ணோடு வண்டியேற்றி அனுப்பிய அந்தத் தவலையும் அண்டாவும் குத்துவிளக்கும் போணிகளும் பாசத்தோடு கொடுக்கப்பட்டவை என்பது எவ்வளவு உண்மையோ, நிலத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டவை என்பதும் அவ்வளவு உண்மை. இதில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்துவிட்டு, பழைய பாத்திரங்களைப் பற்றி உருகி எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. அம்மாவுக்கும் இது தெரியாமல் இல்லை. ஆச்சிக்குப் பின் அரங்கு வீட்டைத் திறந்து பாத்திரங்களைப் பங்கு வைத்தபோது, “நெலத்தத்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சே, இந்தப் பானையவாது எனக்குத் தாங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லி, வேறு எதையும் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பானையோடு கூடவே சில கட்டளைகளும் வந்தன. வெண்கலம் என்பது ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை. தட்டினால் மணி போல ஒலிக்கும். பித்தளையைப் போல நெளியாது, அடி பட்டால் விரிசல்தான் விடும். வெறும் பானையைத் தீயில் வைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றினால் அந்த இடத்திலேயே கீறிவிடும். கீறிய வெண்கலத்தைப் பொடிவைத்து ஒட்டுவது எளிதன்று. ஆகவே ஆச்சி, “ஏளா, மொதல்ல தண்ணிய ஊத்து, பொறவு தீய வையி, எறக்குன உடனே பச்சத் தண்ணிய அள்ளி ஊத்தாத” என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். பழைய வெண்கலம் வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பார்க்கச் சொன்னவளும் அவள்தான். நல்ல பானையின் நாதம் நீண்டு ஓயும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் சட்டென்று செத்துவிடும்.

இதைவிடக் கண்டிப்பான கட்டளை ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கு உண்டு. அது பெரும்பாலும் வெள்ளீயம். 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் சொம்புக்கு ஒன்றும் ஆகாது. வற்றிவிட்டால் போயிற்று. கல்யாணமான புதிதில் சித்தி சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது அடுப்புக்கடியில் வெள்ளிபோலப் பளபளக்கும் ஒரு குட்டை கிடந்தது. மாமியார் என்ன சொல்வாளோ என்று அழுதவளிடம், அந்த அம்மாள் தன் காலத்தில் தான் உருக்கிய சொம்பின் கதையைச் சொன்னாளாம். சித்திக்கும் அவள் மாமியாருக்கும் கடைசி வரை இருந்த ஒட்டுதல் அன்று தொடங்கியது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வேண்டும். துருத்தியோடு தெருவுக்கு வருகிறவர் மரத்தடியில் ஒரு சிறு குழி தோண்டி, கரி போட்டு, பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவுவார். மூக்கை அரிக்கும் வெள்ளைப் புகை கிளம்பும். அந்தக் கணத்தில் ஈயக் குச்சியைத் தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால், மஞ்சளாக இருந்த உட்புறம் முழுவதும் வெள்ளையாகிவிடும். பிள்ளைகள் கூட்டமாக நின்று பார்ப்போம். அவர் வருவது நின்றபோது பித்தளையும் அடுக்களையை விட்டுப் போகத் தொடங்கியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு எவர்சில்வர் கொடுத்தார்கள். எத்தனை பெண்களின் பெயர்கள் அப்படித் தராசில் ஏறி உருக்கு உலைக்குப் போயின என்பதற்குக் கணக்கு இல்லை. ஆனாலும் அப்படிக் கொடுத்தவர்களை இன்று நாம் உட்கார்ந்து குறை சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் புறவாசலில் குந்தியிருந்து, மலைபோலக் குவிந்த பித்தளையைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, நகக்கண்ணெல்லாம் எரிய எழுந்தவர்கள் அவர்கள். கழுவிக் கவிழ்த்தாலே பளபளக்கும் பாத்திரம் வந்தபோது அவர்களுக்கு அது விடுதலையாகத்தான் இருந்திருக்கும். அம்மாவும் கொடுத்தாள். பெயர் வெட்டியதை மட்டும் கொடுக்கவில்லை.

நகையின் கதை வேறு. ஆச்சியின் காதில் பாம்படம் தொங்கும். தோளைத் தொடும் அளவுக்கு வளர்த்த காது. அதில் கனசதுரமும் உருண்டையும் தட்டுமாகக் கணக்குப் புத்தகத்து வடிவங்களைக் கோத்தது போன்ற பொன். பார்ப்பதற்குக் கட்டித் தங்கம் போலத் தெரிந்தாலும், மெல்லிய தங்கத் தகட்டைக் கூடாகச் செய்து உள்ளே அரக்கை நிரப்பியதுதான் பாம்படம். சித்தியின் கல்யாணத்துக்குப் பவுன் குறைந்தபோது ஆச்சி அதைக் கழற்றிக் கொடுத்தாள். ஆசாரி வீட்டுத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். சூடு காட்டியதும் உள்ளிருந்த அரக்கு கருஞ்சிவப்பாக இளகி வழிந்தது. கருகிய பிசின் வாடை எழுந்தது. அரக்கு போனபின் மிஞ்சிய தகடு ஒரு குழந்தையின் உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. ஆச்சி தராசை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொன் சித்திக்கு ஒரு சங்கிலியாயிற்று. மிச்சத்தோடு அப்பா கொஞ்சம் சேர்த்துப் பின்னாளில் எனக்கும் ஒன்று செய்தார். என் கழுத்தில் இருப்பதைப் பார்த்து இது பாம்படம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. முத்திரையும் இல்லை, பெயரும் இல்லை. தங்கம் பெயரைத் தாங்காது. அதைப் பரம்பரை நகை என்று சொல்வதற்கு எனக்கு உள்ள ஆதாரம், அந்தத் திண்ணையில் நான் இருந்தேன் என்பதுதான். என் மகளிடம் இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. அவள் அங்கே இல்லாததால் அவளுக்கு அது ஒரு சங்கிலி மட்டுமே, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்தத் தலைமுறையில் இளையவர்கள் பலர் காதை வெட்டித் தைத்துச் சின்னத் தோடு போட்டுக்கொண்டார்கள். ஆச்சி தைத்துக்கொள்ளவில்லை. நகையில்லாத அந்த நீண்ட காதோடுதான் பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளுக்குப் போய்வந்தாள். கேட்டவர்களிடம், “எம் மக கழுத்துல கெடக்குல்லா” என்பாள்.

துணிமணிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு ஒருபக்கமாகிவிடும். நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் உடம்பில் முதலில் படுவதே பழைய துணிதான். நல்ல ஆயுசோடு இருக்கும் பெரியவர்களின் வெளுத்து மெத்தென்றான நூல் சேலையையோ வேட்டியையோ கிழித்து வைத்திருப்பார்கள். தொட்டிலும் அதுவே. என் இரண்டு பிள்ளைகளும் அம்மாவின் வீரவநல்லூர்ச் சேலையில்தான் தூங்கினார்கள். அது வரைக்கும் இனிமையான விஷயம். ஆனால் பெரியம்மா மகளின் பள்ளிப் பாவாடை எனக்கு வந்து சேரும்போது, அதில் பிடித்திருந்த டக்குகளைப் பிரித்துப் பிரித்து, வெளுக்காத பழைய நிறம் வளையம் வளையமாகக் கீழே தெரியும். அது எத்தனை வருடத்துப் பாவாடை என்று வகுப்பே எண்ணிச் சொல்லிவிடும். இன்று அந்தப் பாவாடையை நினைத்து நெகிழ்கிறவர்கள் அன்று அதை உடுத்திக்கொண்டு போன பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நெகிழ்வது நல்லது. இதற்கு விலக்காக வந்தது அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் மட்டும்தான். மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிய அந்தக் குட்டி அடுப்பும் பானையும் திருகையும் சித்தியிடமிருந்து எனக்கு வந்தபோது, வண்ணம் பாதி போயிருந்தும், புதிது வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி இரு கரையையும் தாண்டிற்று. ஆற்றங்கரையை ஒட்டியிருந்த சித்தி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவர்கள் தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, ஏறிவிட்டார்கள். வடிந்த பிறகு நாங்கள் போய்ச் சகதியை வழித்தபோது எது நிற்கிறது, எது போகிறது என்பது கண்ணெதிரே பிரிந்து தெரிந்தது. கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் முகங்கள் உரிந்து வந்தன. பத்திரங்கள் ஊறிப் போயிருந்தன. ஆனால் அவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கிவிடலாம், வாங்கியும் விட்டார்கள். வெண்கலமும் பித்தளையும் கழுவினால் போதுமானதாக இருந்தன. நகலே கிடைக்காத இழப்பு ஒன்றுதான்: சித்தியின் கல்யாணத்துக்குப் பத்தமடையில் சொல்லி நெய்த பட்டுப் பாய். கோரையை நீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கீறி, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் நெய்யும் அந்தப் பாயைத் துணியைப் போல மடிக்கலாம். பொண்ணு மாப்பிள்ளை பெயரையும் கல்யாணத் தேதியையும் நெசவிலேயே கொண்டுவந்துவிடுவார்கள். சகதியில் ஊறிய பாயில் கரும்பூசணம் பிடித்து, கோரை விரலுக்குள் உதிர்ந்தது. சித்தி வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்து, பெயர் இருந்த இரண்டு சாண் பகுதியை மட்டும் வெட்டி, வெயிலில் காயவைத்து, நான்கு ஓரமும் துணி வைத்துத் தைத்துக்கொண்டாள். “ஆத்துத் தண்ணில ஊறி வந்த பாயி, ஆத்துத் தண்ணிலயே போச்சு” என்று சொன்னதோடு சரி. சித்தப்பா காலமாகி வெகுநாள் ஆயிற்று. அந்தத் துண்டு இப்போது பீரோவில் பாஸ்போர்ட், ரேஷன் கார்டுகளோடு இருக்கிறது. அது சரியான இடம் என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆட்டுரலையும் அண்டாவையும் வைப்பதற்கு இரண்டு அறை வீட்டில் இடமேது? பாளையங்கோட்டையில் புதிதாகக் கட்டும் வீடுகளில் உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்க விட்டு வாசலில் வைக்கிறார்கள்; அம்மிக்கல் தோட்டத்தில் தொட்டிக்கு முட்டாக இருக்கிறது. அதைக் கேலி செய்யும் ஆள் நானில்லை, உருளி உலைக்குப் போகாமல் தப்பித்ததே லாபம். ஆனால் பாயசம் காய்ச்சாத உருளிக்கு அதைக் காய்ச்சும் பக்குவம் தெரிந்த ஆள் தேவைப்படுவதில்லை. அப்புறம் அதன் கழுத்தில் உள்ள பெயரை யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை. நான் இப்போது செய்வது ஒரு காரியம்தான். குடும்பத்தில் யார் பழைய பாத்திரத்தைக் கொடுக்கப் போவதாகச் சொன்னாலும், பெயர் வெட்டிய இடத்தில் அரிசி மாவைத் தடவித் துடைக்கச் சொல்கிறேன். பள்ளத்தில் மாவு நின்று எழுத்து வெள்ளையாகத் தெரியும். அதைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லி, இன்னாருடையது, இன்னார் கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். என் பூட்டியின் பெயர் அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. மாமா வீட்டில் மாட்டுக்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருந்த ஒரு கொப்பரையில் இருந்தது.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் பேசியபோது, வழக்கப்படி ஆச்சியின் பானையை அவளுக்குக் கொடுத்துவிடுவதாக இருந்தேன். அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு. செம்பு, பித்தளை, வெண்கலம் எதிலும் காந்தம் ஒட்டாது. அந்த அடுப்பு அவற்றைச் சூடாக்காது. அதை அவளே எடுத்துச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, “அம்மா, பானைய அண்ணனுக்குக் குடுங்க, அவன்தான் சமைக்கான். எனக்கு அப்பா வயல்ல என் பங்க எழுதித் தாங்க” என்றாள். அவளுடைய அப்பா முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஒரு மாதம் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதன்பின் அவராகவே ஒரு நாள் பத்திரம் எழுதுகிறவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சேரன்மகாதேவிப் பக்கத்தில் உள்ள அந்த வயலுக்கு மகனையும் மகளையும் சேர்த்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தாயிற்று. பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். மகளின் பெயரில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்ததை நான்தான் பார்த்துத் திருத்தச் சொன்னேன். மகன் சென்னையில் கேஸ் அடுப்பு வைத்திருக்கிறான். பொங்கலுக்கு வரும்போது பானையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். தண்ணீரை முதலில் ஊற்ற வேண்டுமா, தீயை முதலில் வைக்க வேண்டுமா என்று இதற்குள் போனில் இரண்டு முறை கேட்டுவிட்டான்.